விருது பெற்ற மரமும் அதன் முட்டுக்கொம்பும்

அந்த நகராட்சியில் மரம் நடுவதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. நட்ட மரத்தைப் பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு பிரிவு தொடங்குவதாக உத்தேசம் இருந்தது. முதல் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளரும், சில மேஜைகளும், சுவரில் அடர்ந்த காட்டின் படம் போட்ட ஒரு நாள்காட்டியும் உண்டு. இரண்டாவது பிரிவுக்கு இப்போதைக்குக் கதவு மட்டும் தயாராகியிருந்தது. கதவில் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. உள்ளே உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்திருந்ததால் யாரும் அதைத் திறப்பதில்லை.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் நம்முடைய சலவைக்கடைக்காரர் ஒரு நாள் மாடியேறிப் போய், கடை வாசலுக்கு ஒரு மரம் வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வாசலில் பெரிய மரம் ஒன்று முன்பு நின்றது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அதை வெட்டிவிட்டார்கள். அகலமான சாலையில் வண்டிகள் கூடுதலாக வந்ததோ இல்லையோ, வெயில் தாராளமாக வந்தது. கடை மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் திரும்பியதும் வெயில் நேராக உள்ளே நுழைந்து இஸ்திரி மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த மேஜைக்கு முன்னால் நிற்பவர் அவருடைய மனைவி. எதிரே இஸ்திரிப் பெட்டியின் சூடு, முகத்தில் வெயிலின் சூடு. போன கோடையில் ஒரு நாள் அவர் மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன் வாடிக்கையாளரின் சட்டை கருகிவிடாமல் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம்தான் விழுந்தார். தொழில்சுத்தம் என்றால் அப்படி ஒரு தொழில்சுத்தம்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அந்த அம்மாள் சொன்ன முதல் வார்த்தை, "சட்டை?" என்பது. இரண்டாவதாகச் சொன்னது சலவைக்கடைக்காரரிடம்.

"இதோ பாருங்க, இன்னொரு கோடை இந்த மேஜை முன்னாடி என்னால நிக்க முடியாது. அடுத்த வெயிலுக்குள்ள இங்க நிழல் வரணும். வரலேன்னா கடையை மூடிட்டு எங்க அண்ணன் ஊருக்கே போயிடலாம்."

மச்சான் நல்ல மனிதர்தான். தினமும் பார்க்காதவரைக்கும் ரொம்ப நல்ல மனிதர். ஆனால் கைக்குப் பழகிய தொழிலையும் பழகிய தெருவையும் விட்டுவிட்டு அவர் தயவில் போய் உட்கார்வதை நினைத்தால் சலவைக்கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தார்ப்பாய் கட்டலாம் என்றால் அதுவும் ஆகாது. ஏற்கெனவே கட்டிய தார்ப்பாயை ஆக்கிரமிப்பு என்று நகராட்சி அவிழ்த்துக்கொண்டு போயிருந்தது. ஆகவே தார்ப்பாயைக் கொண்டுபோனவர்களிடமே மரத்தைக் கேட்கலாம் என்று மாடியேறினார்.

மரப்பிரிவு மேற்பார்வையாளர் ஒற்றை ஆளிடம் பேசும்போதும் மேடையில் பேசுவது போலப் பேசுகிறவர். "மக்களே மரம் கேட்டு வர்ற காலத்துல நாம வாழ்றோம்" என்று நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னார். பிறகு சலவைக்கடைக்காரரைப் பார்த்து, "தலைவருக்கு என்னிக்கு நேரம் இருக்குன்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

நகராட்சித் தலைவருக்கு நேரம் கிடைத்தது ஒரு உச்சிவெயில் நாளில். விடியும்போதே கன்றை லாரியில் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். பந்தல் போட்டார்கள், தலைவருக்கு. கன்று லாரியிலேயே காய்ந்துகொண்டு நின்றது. தலைவர் வந்து சேர்ந்தபோது அது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. தலைவர் அதைக் கவனித்து, அடக்கமான கன்று என்று பாராட்டினார். பிறகு பந்தலின் கீழ் நின்று பேசினார்.

"இந்த ஊரில் நான் நட்ட மரங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு காடு வரும். அந்தக் காடு எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். நடுவது என் வேலை. தேடுவது அவர்கள் வேலை."

கைதட்டல் ஓய்வதற்குள் கன்றைக் குழியில் இறக்கினார்கள். பிளாஸ்டிக் பையோடு இறக்கியதைப் பார்த்துச் சலவைக்கடைக்காரர் மெதுவாக மேற்பார்வையாளரின் காதருகே போனார்.

"பையைக் கிழிக்கலையா சார்?"

"பை நாற்றங்கால் பிரிவோட சொத்து. கிழிச்சா நாங்கதான் பதில் சொல்லணும்."

"மண்ணுக்குள்ள புதைச்சா?"

"புதைச்சா பத்திரமா இருக்கும்" என்றார் மேற்பார்வையாளர்.

கடைசியாக ஒரு துணிப்பட்டையைக் கொண்டுவந்து சலவைக்கடைக்காரரின் தோளில் குறுக்காக மாட்டினார்கள். 'மரக்காவலர்' என்று அதில் எழுதியிருந்தது. பட்டை கசங்கியிருந்ததால் அவர் மனைவிக்கு அதை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. விழா முடிந்ததும் கழற்றி வாங்கி ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுத்தார்.

கன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இலை மொத்தமும் உதிர்ந்தது. அப்புறம் தண்டின் தோல் சுருங்கியது. சலவைக்கடைக்காரர் நுனியை லேசாக வளைத்துப் பார்த்தார், படக்கென்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது. பட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி மாடியேறினார்.

"சார், கன்னு செத்துப்போச்சு."

மேற்பார்வையாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவாப் பேசுங்க. எங்க பிரிவுல இதுவரைக்கும் ஒரு மரம்கூடச் செத்ததில்லை."

"இது செத்துருச்சு சார். ஒடிச்சே பாத்துட்டேன்."

"ஒடிச்சீங்களா? மரக்காவலரா இருந்துக்கிட்டு?"

"உயிரு இருக்கான்னு பாக்கத்தான் சார்."

"அதைப் பாக்க நீங்க யாரு? ஒரு மரம் செத்துச்சுன்னு சொல்ற அதிகாரம் பராமரிப்புப் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு."

"அங்க யாரைப் பாக்கணும்?"

"அங்க இன்னும் யாரையும் போடலை" என்றார் மேற்பார்வையாளர், பெருமையோடு. "அதனாலதான் எந்த மரமும் சாகலை."

சலவைக்கடைக்காரர் இதை மனத்துக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். எங்கோ இடிக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. "அப்ப வேற கன்னு ஒண்ணு தர்றீங்களா சார்?" என்றார்.

"ஒரு குழிக்கு ஒரு மரம். அந்தக் குழியில மரம் இருக்கே." மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் ஒரு வாளி தண்ணி. ஆய்வுக்கு எப்ப வந்தாலும் மண்ணு ஈரமா இருக்கணும். இல்லேன்னா மரத்தைக் கவனிக்காத குத்தத்துக்கு உங்க கடை உரிமத்தையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம், முட்டுக்கொம்பு நட்டீங்களா?"

"செத்த கன்னுக்கா சார்?"

"வளர்ற மரம். காத்துல சாயக் கூடாது பாருங்க. நல்லா உறுதியா, ஆளைவிட உயரமா, கை கனத்துல ஒரு கொம்பு நட்டு, அதுல சேத்துக் கட்டிடுங்க."

மரம் கேட்கப் போனவர் இப்படியாக உரிமம் போய்விடுமோ என்ற பயத்தோடு திரும்பி வந்தார். விவரத்தைக் கேட்ட மனைவி கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார். பிறகு, "கல்யாணம் ஆன நாள்லேருந்து துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்கு ஒரு கம்பு நட உங்களுக்கு நேரம் இல்லை" என்றார்.

கொம்புக்கு வேறெங்கே போவது? மச்சான் வீட்டைச் சுற்றிப் பூவரசு வேலி இருந்தது. அங்கே போய்ப் பச்சைக் கிளை ஒன்று கேட்டார்.

"கிளை தர்றேன் மாப்ளே. எதுக்கு?"

"செத்துப்போன கன்னு ஒண்ணுக்கு முட்டுக் கொடுக்கணும் மச்சான்."

மச்சான் கிளையை வெட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் தலை மறைந்ததும் தங்கைக்கு ஃபோன் போட்டு, "அவரு நல்லாத் தூங்குறாரா?" என்று விசாரித்தார்.

கொம்பை நட்டுக் கன்றை அதில் கட்டியதிலிருந்து தினமும் காலையில் சலவைக்கடைக்காரர் ஒரு காய்ந்த குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினார். தெருவே பார்த்தது. எதிரே மருந்துக்கடை. அந்தக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் நேரமும் இவர் வாளியைத் தூக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது பெரிய உபத்திரவமாகப் போயிற்று.

"பேஷன்ட் எப்படி இருக்காரு?" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"அப்படியேதான் இருக்காரு."

"டானிக் வேணும்னா சொல்லுங்க. தேதி முடிஞ்சது நிறையக் கிடக்கு. அவருக்கு எதுவும் செய்யாது."

சலவைக்கடைக்காரருக்குச் சிரிப்பும் வரும், மானமும் போகும். ஆனாலும் ஒரு நாள்கூட வாளியை நிறுத்தவில்லை. அவர் பயந்த சுபாவம். பயந்தவர்கள் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்பதை நம்பித்தான் பல அலுவலகங்கள் நடக்கின்றன.

சில வாரம் கழித்து மர மதிப்பீட்டுக் குழு வந்தது. ஊரில் நட்ட மரங்களை எல்லாத் துறையும் சேர்ந்து பார்த்து மதிப்பெண் போடும் குழு. மின்சாரத் துறை, சாலைத் துறை, துப்புரவுத் துறை மூன்றிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று சலவைக்கடைக்காரர் வியர்த்துப்போய் நின்றார். அவர்கள் குச்சியைச் சுற்றி வந்தார்கள்.

மின்சாரத் துறைக்காரர் மேலே கம்பியைப் பார்த்தார், கீழே குச்சியைப் பார்த்தார். "இவ்வளவு நாள் சர்வீஸ்ல இப்படி ஒரு மரத்தைப் பாத்ததில்லை. கம்பிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வளர்ந்து தொட்டுடுமோன்னு பயப்பட வேண்டியதே இல்லை."

சாலைத் துறைக்காரர் குனிந்து நடைபாதைக் கற்களைத் தட்டிப் பார்த்தார். "ஒரு கல்லுகூடப் பெயரலை. வேர் விட்டுத் தொந்தரவு பண்ற புத்தியே இதுக்குக் கிடையாது."

துப்புரவுத் துறைக்காரர் குழியைச் சுற்றித் தரையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார். "இலை கொட்டலை. பூ கொட்டலை. காய் கொட்டலை. பறவை வந்து உக்காரலை. உக்காந்தா அது என்ன பண்ணும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மரம்னா இது மரம்."

எல்லாரும் ஒரே குரலில் முழு மதிப்பெண் போட்டார்கள். அதில் சூது எதுவும் இல்லை. அவரவர் துறையின் கண்ணால் பார்த்து மனசாட்சிப்படிதான் போட்டார்கள்.

அந்த ஆண்டின் சிறந்த தெருமரம் என்ற விருது அதற்கே கிடைத்தது. தலைவர் நேரில் வந்து குச்சியின் கழுத்தில் பதக்கம் போட்டார். குச்சிக்குக் கழுத்து எது என்று முதல் நாளே மேற்பார்வையாளர் சுண்ணாம்பால் குறித்து வைத்திருந்தார். பதக்கத்தின் கனம் தாங்காமல் மரம் ஒரு பக்கம் சாயப் பார்த்தது. உடனே முட்டுக்கொம்போடு சேர்த்து இன்னும் இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டார்கள்.

"எதையும் கேட்காத மரம்" என்றார் தலைவர் பேச்சில். "உரம் கேட்கவில்லை, இடம் கேட்கவில்லை, வளரவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நம் பணியாளர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இனி இந்த ஊரில் நடப்படும் மரம் எல்லாம் இது மாதிரியே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன்."

மரப்பிரிவுக்கு இது சிரமமான உத்தரவாகவே தோன்றவில்லை. அவர்கள் நட்ட மரம் எல்லாம் ஏற்கெனவே அது மாதிரிதான் இருந்தது.

மழை வந்து நின்ற ஒரு காலையில், சலவைக்கடைக்காரர் வாளியை எடுப்பதற்குள் மனைவி வாசலில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "என்னங்க, இங்க வாங்களேன்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்ன, துளிர் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு."

சலவைக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மேற்பார்வையாளர் சொன்னது சரிதான், நாம்தான் அவசரப்பட்டுச் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய்க் குச்சியைத் தடவிப் பார்த்தார். அது இருந்தது இருந்தபடி விறகாகவே இருந்தது.

"அது இல்லைங்க. முட்டு."

பூவரசுக் கொம்பின் கணுக்களில் பச்சைப் பசேலென்று இலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உத்தரவுப்படி தினமும் ஊற்றிய தண்ணீரைக் குச்சி குடிக்கவில்லை. பக்கத்தில் நின்றது குடித்திருக்கிறது. பச்சைக் கிளையாக வெட்டி வந்ததால் வேரும் பிடித்துவிட்டது. சலவைக்கடைக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் மானம் போக ஊற்றிய தண்ணீர் வீண் போகவில்லை என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி அதைப் பார்க்காதவர் போல உள்ளே போய்விட்டார்.

வெளியே சொன்னால் வினை என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இலையை எங்கே ஒளிப்பது? கொம்பு உச்சியில் நாலு பக்கமும் கிளை விட்டுக் குடை மாதிரி கவியத் தொடங்கியது. மாதா மாதம் ஆய்வுக்கு வந்த மேற்பார்வையாளர் கிளையை விலக்கிக்கொண்டு குச்சியைப் பார்த்துவிட்டுப் போனார். முட்டுக்கொம்பைப் பார்க்கும்படி அவருக்கு உத்தரவு இல்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாயங்காலங்களில் இந்தப் பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தார். நோயாளியைப் பற்றி இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை.

கோடை தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம், இஸ்திரி மேஜையின் ஓரத்தில் முதல் முறையாக ஒரு துண்டு நிழல் வந்து விழுந்தது. அந்த அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த நிழலுக்குள் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அண்ணன் ஊரைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

மேற்பார்வையாளர் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தது அந்த வாரத்தில்தான்.

"சந்தோஷமான செய்தி" என்றார். "நம்ம மரம் நட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது. விதிப்படி ஒரு வருஷம் ஆன மரம் தன் கால்ல நிக்கணும். பெரிய விழாவா எடுக்கிறோம். தலைவர் கையால கயித்தை வெட்டி, முட்டுக்கொம்பை அடியோட அறுத்து எடுத்துடப் போறோம்."

சலவைக்கடைக்காரர் மேலே கையைக் காட்டினார். "சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க" என்றார்.

மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். பூவரசு இலைகளுக்குள் ஒரு அணில் ஓடியது.

"பாத்தேன். என்ன?"

"கொம்பு மரமாயிடுச்சு சார்."

"அது எப்படி ஆகும்? இதை யார் நட்டா? எந்த விழாவுல நட்டா? எந்தத் தலைவர் பேசினார்?" மேற்பார்வையாளர் குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "இந்த இடத்துல இருக்கிறது ஒரு மரம், ஒரு கொம்பு. மரம் அது. கொம்பு இது. நீங்க இலையைப் பாத்துக் குழம்புறீங்க."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். அந்தக் குச்சியை எடுத்துட்டு இதை விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"விருது வாங்கின மரத்தைக் குச்சிங்கறீங்க" என்றார் மேற்பார்வையாளர். அவருக்கு உண்மையாகவே மனசு புண்பட்டுவிட்டது. "நீங்க சொன்னதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்."

அவர் போன பிறகு சலவைக்கடைக்காரர் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கொம்பை அறுத்தால் நிழல் போகும். நிழல் போனால் இவள் நிற்க மாட்டாள். நிற்கச் சொல்லவும் அவருக்கு வாய் வராது, அவள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர் அவர். கடையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மச்சானுக்கு ஃபோன் போடலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

மனைவி பதறவில்லை. வாசலில் இறங்கிப் போய்க் குச்சியின் அடியைக் கால் விரலால் லேசாகத் தட்டினார். பொலபொலவென்று மண்ணாக உதிர்ந்தது. கரையான் அடிப்பாகம் முழுவதையும் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் மரியாதைக்கு விட்டு வைத்திருந்தது.

"விழாவுல முதல்ல எதை வெட்டுவாங்க? கயித்தையா, கொம்பையா?" என்று கேட்டார்.

"கயித்தைத்தான். அது தலைவர் வெட்டறது. அப்புறம்தான் ஆள் வந்து கொம்பை அறுப்பான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பாதியில் விட்ட சட்டையைத் தேய்க்கப் போய்விட்டார். என்ன சரி என்று சலவைக்கடைக்காரருக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

விழா நாளன்று இந்த முறை பந்தல் போடவில்லை. பந்தல்காரர் வந்து பார்த்துவிட்டு, இங்கேதான் நிழல் இருக்கிறதே என்று போய்விட்டார். தலைவர், அதிகாரிகள், தெரு ஜனம் அத்தனை பேரும் முட்டுக்கொம்பின் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மரமறுக்கும் ஆள் ரம்பத்தோடு ஓரமாகக் காத்திருந்தார். சலவைக்கடைக்காரர் பட்டையை மாட்டிக்கொண்டு, மாட்டை விற்கக் கொண்டுவந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

தலைவர் குச்சியைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒரு வருடத்துக்கு முன் இதே இடத்தில் பந்தல் போட்டுத்தான் நின்றோம். இன்று எவ்வளவு குளுமை பாருங்கள். இதுதான் ஒரு மரம் நமக்குச் செய்வது. இந்தக் கொம்பு இத்தனை நாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, மரத்தின் பெயரில் வாழ்ந்துவிட்டது. பிறர் உழைப்பில் பேர் வாங்குகிறவர்களை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. இனி நம் மரம் யாரையும் நம்பி நிற்காது."

கத்தரிக்கோலை வாங்கிக் கயிற்றை வெட்டினார்.

மரம் நிற்கவில்லை. அவசரமில்லாமல், வயதானவர் பாயில் சாய்வது போல, முன்பக்கமாகச் சாய்ந்து தலைவரின் காலடியில் நீட்டிப் படுத்தது. பதக்கம் மட்டும் தனியாகக் கழன்று உருண்டு போய் மருந்துக்கடைப் படியில் முட்டி நின்றது.

தலைவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளரின் முகத்தில் ஓடியது என்ன என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்தது. மரம் செத்துவிட்டது என்றால், எப்போது செத்தது என்ற கேள்வி வரும். எப்போது என்று கேட்டால் விருது எதற்கு என்ற கேள்வி வரும். அவர் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"மரம் தலைவரை வணங்குகிறது."

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு கைதட்டல் தெருமுனைவரை கேட்டது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டுத் தாமும் குனிந்து பதிலுக்கு ஒரு வணக்கம் சொன்னார். இத்தனை வருடப் பொதுவாழ்வில் இப்படி ஒரு பணிவை மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லை என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

மரமறுக்கும் ஆளுக்கு அடுத்த வேலை இருந்தது. "சார், கொம்பை அறுத்துடட்டுமா?" என்று ரம்பத்தோடு முன்னால் வந்தார். சலவைக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

இஸ்திரி மேஜையிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை, ஒரு சட்டையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"அறுத்துட்டா, விழுந்த மரத்தைத் தூக்கி எதுல கட்டுவீங்க?"

மேற்பார்வையாளரின் கை தானாகவே உயர்ந்து ரம்பத்தைத் தடுத்தது. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "பணிவு மிகுந்த இந்த மரத்துக்கு, தலைவரின் கருணையால் இன்னும் ஓராண்டு முட்டு நீட்டிக்கப்படுகிறது" என்று அறிவித்தார். மறுபடியும் கைதட்டல். நாலு பேர் சேர்ந்து மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். வெட்டிய கயிறு எட்டவில்லை. அந்த அம்மாள் உள்ளேயிருந்து நல்ல நீளமான கயிறாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டும்போது கூடவே நின்று, "இன்னும் கொஞ்சம் லூசாக் கட்டுங்க, கொம்புக்கு வலிக்கும்" என்று சொல்லிக் கட்ட வைத்தார்.

அதற்குப் பிறகு அது வருடா வருடம் நடக்கும் விழாவாகிவிட்டது. தலைவர் வருவார், கயிற்றை வெட்டுவார், மரம் வணங்கும், முட்டு நீட்டிக்கப்படும். மரம் தவறாமல் வணங்க வேண்டும் என்பதற்காக முதல் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் அதன் அடியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். விருது மரத்தைப் பார்த்து மற்றத் தெருக்களிலும் அதே மாதிரி மரங்கள் நின்றன அல்லவா, அந்த மரக்காவலர்கள் ஒவ்வொருவராக வந்து கொம்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். எல்லாரையும் சலவைக்கடைக்காரர் மச்சான் வீட்டுக்கு அனுப்பினார். கடைசியில் மச்சான் ஃபோன் போட்டு, "மாப்ளே, வேலி முழுக்க உங்க ஊருக்கு வந்துடுச்சு. நானும் வந்துடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சலவைக்கடைக்காரர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

ஊரில் எங்கே பார்த்தாலும் கொம்புகள் தழைத்துவிட்டன. எந்தக் கணக்கிலும் இல்லாத இவ்வளவு பச்சையை என்ன செய்வது என்று மேலிடத்தில் யோசித்து, முட்டுக்கொம்புப் பிரிவு என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள். அதற்கு அதிகாரியாக ஒரு பெண் வந்தார். கறாரானவர். ஒரு மத்தியானம் அளவு நாடாவோடு சலவைக்கடை வாசலுக்கு வந்து, விருது பெற்ற மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பூவரசை மட்டும் சுற்றிச் சுற்றி அளந்தார். அளக்க அளக்க அவர் முகம் இறுகியது.

"யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

சலவைக்கடைக்காரர் வழக்கம்போல நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தார். பட்டையைத் தேடினார், அது தோளில்தான் இருந்தது.

"ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற எதுவா இருந்தாலும் அதுக்கு முட்டு வேணும்னு விதி இருக்கு. இவ்வளவு பெரிய கொம்பை வெறுமனே நிறுத்தி வெச்சிருக்கீங்க. காத்து அடிச்சா யார் பதில் சொல்றது? இந்தக் கொம்புக்கு முட்டுக்கொம்பு எங்கே?"

சலவைக்கடைக்காரர் வாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தார், பழக்கம் அப்படி. பாதியில் ஏதோ உறைத்து வாயை மூடிக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே நிழலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை.

"ஒரு பக்கம் போதுமா, ரெண்டு பக்கமும் வேணுமான்னு மேடத்துக்கிட்டயே கேட்டுக்கோங்க" என்றார். "நீங்க துணி மடிக்கிற மூலையில இன்னும் வெயில் அடிக்குது."